‘தி பிரைவேட் லைஃப் ஆஃப் ஷெர்லாக் ஹோம்ஸ்’ வட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் படத்தின் ப்ளூ-ரே வட்டை யாருக்கு இரவல் கொடுத்தாலும், அது திரும்பி வரும்போது கூடவே நாலைந்து கேள்விகளும் வந்துசேர்கின்றன. பெரும்பாலும் அதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். படத்தின் முடிவை எங்கும் உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

முதலில், இது என்ன படம்?

பில்லி வைல்டர் இயக்கி 1970 அக்டோபரில் வெளிவந்த படம். திரைக்கதையை அவரும் அவருடைய நெடுநாள் கூட்டாளி ஐ. ஏ. எல். டயமண்டும் சேர்ந்து எழுதினார்கள். ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் கதை எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பாத்திரங்களை மட்டும் கடன் வாங்கினார்கள். ஹோம்ஸாக ராபர்ட் ஸ்டீஃபன்ஸ், வாட்சனாகக் காலின் பிளேக்லி, ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டாகக் கிறிஸ்டோஃபர் லீ.

கதை நடப்பது 1887-இல், விக்டோரியா ராணியின் காலத்தில். ரஷ்ய பாலே நட்சத்திரம் ஒருத்திக்குத் தன் அழகும் ஹோம்ஸின் மூளையும் சேர்ந்த ஒரு பிள்ளை வேண்டுமாம்; அதற்குச் சன்மானம் ஒரு ஸ்ட்ராடிவேரியஸ் வயலின். இதிலிருந்து நழுவ ஹோம்ஸ் சொல்லும் பொய்யில் வாட்சனின் மானம் கப்பலேறுகிறது. பிறகு தேம்ஸ் நதியிலிருந்து தூக்கப்பட்ட பெல்ஜியப் பெண் ஒருத்தி, நனைந்த உடையோடு பேக்கர் தெரு வீட்டுக்கு வந்து சேர்கிறாள். காணாமல் போன அவளுடைய கணவரைத் தேடும் பயணம் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரிவரை நீள்கிறது. ஹோம்ஸுக்குள் ஒரு மனிதர் இருக்கிறாரா என்று வைல்டர் துப்பறிகிறார் என்று சொன்னால் பொருந்தும்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிய படம் என்கிறார்கள். வட்டில் இருப்பதோ 125 நிமிடம். மீதி எங்கே?

முதல் தொகுப்பு சுமார் 200 நிமிடம் இருந்தது. அந்த நீளம் யாரும் தூங்கிப்போனதால் வந்ததில்லை. அப்போது ஹாலிவுட்டில் ‘ரோட்ஷோ’ என்றொரு வெளியீட்டு முறை இருந்தது. பெரிய நகரங்களில், பொறுக்கியெடுத்த சில தியேட்டர்களில் மட்டும், இருக்கை எண் போட்ட டிக்கெட்டுடன், கூடுதல் கட்டணத்தில், நடுவில் இடைவேளை விட்டுப் படம் காட்டுவார்கள். (எல்லாப் படத்துக்கும் இடைவேளை கண்ட நமக்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றும். அங்கே அது விசேஷம்.) 1965-இல் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ அள்ளிய வசூலைப் பார்த்து ஸ்டுடியோக்கள் நீளப் படங்களில் பணத்தைக் கொட்டின. ஹோம்ஸ் படத்தையும் அந்தக் கணக்கில்தான் திட்டமிட்டார்கள்.

எடுத்து முடிப்பதற்குள் காற்று திசை மாறிவிட்டது. 1960-களின் கடைசியில் அப்படிப்பட்ட பிரம்மாண்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணைக் கவ்வின. தயாரித்த மிரிஷ் கம்பெனிக்கும் வெளியிட வேண்டிய யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்கும் மூன்றேகால் மணி நேர ஹோம்ஸை நினைத்து வயிற்றைக் கலக்கியது. படத்தொகுப்பாளர் எர்னஸ்ட் வால்ட்டரின் மேசையில் 75 நிமிடம் கழிந்தது. அவ்வளவு குறைத்தும் படம் ஓடவில்லை. வைல்டர் 2002-இல் இறந்தார். அந்த வெட்டின் வருத்தம் அவரைவிட்டுப் போகவேயில்லை.

அப்படி என்னென்ன போயின?

படத்தில் இப்போது தொடக்கத்தில் ஒரு வங்கிப் பெட்டகம் திறக்கிறது. வாட்சன் இறந்து ஐம்பது ஆண்டு கழித்துத் திறக்க வேண்டிய தகரப் பெட்டி; கைகள் மட்டும் தெரிகின்றன; தொப்பி, புகைக்குழாய், பூதக்கண்ணாடி, ஊசி என்று ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. எடுத்த வடிவில் இதற்கு ஒரு முழுக் காட்சி இருந்தது: வாட்சனின் பேரன் வங்கிக்கு வந்து பெட்டியைப் பெறுகிறான். அந்தப் பேரன் போய்விட்டான், கைகள் தங்கிவிட்டன.

அடுத்து, தலைகீழ் அறையின் வழக்கு. ஓர் அறையில் பிணம் கிடக்கிறது. மேசை நாற்காலியெல்லாம் கூரையில் தொங்குகின்றன. லண்டன் போலீஸான ஸ்காட்லாந்து யார்டு திகைக்கிறது. ஹோம்ஸ் கண்டுபிடிப்பது என்னவென்றால், இத்தனையையும் ஜோடித்தவர் வாட்சன்! வழக்கில்லாமல் சலித்து கோக்கெயின் ஊசியிடம் போகும் நண்பருக்கு ஒரு வழக்கைக் கையால் செய்து கொடுத்திருக்கிறார். காணாமல் போன பகுதிகளில் நான் அதிகம் ஏங்குவது இதற்குத்தான். இது இருந்திருந்தால் பாலே நடனக்காரி பகுதியில் வாட்சன் குதிக்கும் குதி இன்னும் வேடிக்கையாகவும், கொஞ்சம் வலிப்பதாகவும் இருந்திருக்கும்.

மூன்றாவது, கப்பலில் நடக்கும் நிர்வாணத் தேனிலவுத் தம்பதி வழக்கு. ‘இந்த ஒன்றை நீங்களே துப்பறியுங்கள்’ என்று ஹோம்ஸ் ஒதுங்கிக்கொள்ள, வாட்சன் தம் குருவின் முறைகளை எல்லாம் வரிசையாகப் பிரயோகிக்கிறார். ஆனால் அவர் நுழைந்தது வேறு அறை. கட்டிலில் கிடப்பவர்கள் அயர்ந்து தூங்கும் புதுமணத் தம்பதி.

நான்காவது, ஸ்காட்லாந்து செல்லும் ரயிலில் ஹோம்ஸ் சொல்லும் ஆக்ஸ்ஃபோர்டு நினைவு. மாணவப் பருவத்தில் தூரத்திலிருந்து ஒரு பெண்ணை நேசிக்கிறார். படகுப்போட்டி வெற்றியைக் கொண்டாடத் தோழர்கள் குலுக்கல் போடுகிறார்கள். பரிசு, விலைமகள் ஒருத்தியுடன் சில மணி நேரம். சீட்டு ஹோம்ஸுக்கு விழுகிறது. போய்ப் பார்த்தால் அவள் இவர் நேசித்த அதே பெண். பெண்களை நம்பாதவர் என்று உலகம் சொல்லும் ஹோம்ஸுக்கு இப்படி ஒரு காரணம் எழுதிவைத்திருந்தார்கள். இதை வெட்டியதால் கடைசிக் காட்சிகளில் ஸ்டீஃபன்ஸ் தம் முகத்தால் மட்டுமே அத்தனையையும் சுமக்க வேண்டியிருக்கிறது. சுமந்தும் காட்டுகிறார்.

இவை தவிர, இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட் வரும் ஒரு பின்குறிப்புக் காட்சியும் இருந்தது.

ஒரு காட்சிக்கு ஒலி மட்டும் இருக்கிறது. இன்னொன்றுக்குப் படம் மட்டும் இருக்கிறது. இது என்ன கூத்து?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தலைகீழ் அறைக்குக் குரல்கள் கிடைத்திருக்கின்றன, ஓடும் படம் இல்லை. புகைப்படங்களை வைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். தேனிலவுத் தம்பதிக்குப் படம் கிடைத்திருக்கிறது, குரல் இல்லை. வசனத்தை எழுத்தாகக் கீழே ஓடவிட்டிருக்கிறார்கள். பின்குறிப்புக்கும் ஒலிதான் எஞ்சியது. பேரன் காட்சிக்கும் ஆக்ஸ்ஃபோர்டுக்கும் திரைக்கதைப் பக்கங்களும் நிழற்படங்களும்.

காரணம் படச்சுருளின் இயல்பிலேயே இருக்கிறது. கேமராவுக்குள் ஓடும் நெகட்டிவில் ஒலி பதிவாவதில்லை. ஒலி தனியாகக் காந்த நாடாவில் பதிவாகிறது. பிறகு படச்சுருள் அகலத்திலேயே உள்ள காந்தப் பூச்சுச் சுருளுக்கு மாற்றப்படுகிறது. படத்தொகுப்பு மேசையில் இரண்டும் பக்கம் பக்கமாக ஓடும். ஆனால் அவை இரு வேறு பொருள்கள், இரு வேறு டப்பாக்கள். கடைசியில் தியேட்டருக்குப் போகும் பிரிண்டில்தான் ஒலியும் படமும் ஒரே சுருளில் குடியேறுகின்றன. வெட்டப்பட்ட காட்சிக்கு அந்தப் பாக்கியம் கிடைப்பதில்லை. அதன் படம் ஒரு கிடங்கில், ஒலி இன்னொரு கிடங்கில். கிடங்குக்கு வாடகை உண்டு. காந்தச் சுருளை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம்.  வெளிவந்த நாளில் ஓடாத படத்தின் கழிவுகளை யார் பத்திரப்படுத்துவார்கள்? ஆக, எந்த டப்பா எந்த அலமாரியின் பின்னால் உருண்டது என்பதைப் பொறுத்து ஒன்றின் குரலும் இன்னொன்றின் உடலும் பிழைத்தன.

அந்தத் தேனிலவுக் காட்சியைப் பார்க்கும்போது இது உறைக்கும். வாட்சன் அறைக்குள் நுழைகிறார், உதடுகள் அசைகின்றன, கை பேசுகிறது. ஒரு சத்தமும் இல்லை. பிளேக்லியின் குரலை முழுப்படத்திலும் கேட்டுப் பழகிய காது தானாகவே அதை இட்டு நிரப்பப் பார்க்கிறது. பாதியில் என்னை அறியாமல் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவைத்தேன் என்றால் நம்புவீர்களா?

வேறு நடிகர்களை வைத்துக் குரல் கொடுத்திருக்கலாமே? இப்போதுதான் கணினியே பேசுகிறதே?

முடியும். மவுனமான காட்சிக்குக் குரல் சேர்க்கலாம், குரலுக்கு ஏற்ற படத்தையும் கணினியில் வரைந்துவிடலாம். செய்யாததை நான் மெச்சுகிறேன். கோவில் சிற்பத்தின் உடைந்த கைக்குச் சிமெண்டில் ஒரு கை ஒட்டிவைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உடைந்த இடத்தைப் பார்த்தால் சிற்பி நினைவுக்கு வருகிறான். ஒட்டிய இடத்தைப் பார்த்தால் கொத்தனார்தான் நினைவுக்கு வருகிறார். ஸ்டீஃபன்ஸும் பிளேக்லியும் இன்று இல்லை. அவர்கள் பேசிய தொனி எதுவென்று எந்த எந்திரத்தைக் கேட்பது? வட்டில் இந்தத் துண்டுகளைப் படத்துக்குள் செருகாமல் தனிப்பகுதியாக வைத்திருப்பதும் சரியான முடிவுதான். படம் 125 நிமிடம், துண்டுகள் துண்டுகள்தான்.

லேசர்டிஸ்க், டிவிடி, ப்ளூ-ரே என்று பல முறை வந்திருக்கிறதே, என்ன வித்தியாசம்?

துண்டுகளை முதலில் ரசிகர்களிடம் கொண்டுவந்தது 1990-களின் லேசர்டிஸ்க். இளைய வாசகர்களுக்கு: இசைத்தட்டு அளவில், பன்னிரண்டு அங்குல விட்டத்தில் பளபளக்கும் தட்டு; ஒரு பக்கம் ஒரு மணி நேரம் ஓடினால் எழுந்து போய் அடுத்த பக்கத்தைப் போட வேண்டும். 2003-இல் எம்ஜிஎம் டிவிடி வந்தது. 2014-இல் அமெரிக்காவில் கினோ லோர்பர் ப்ளூ-ரே; 2018-இல் பிரிட்டனில் யுரேகா நிறுவனத்தின் ‘மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா’ வரிசையில் இன்னொரு ப்ளூ-ரே.

வித்தியாசத்தை எண்ணிக்கையில் சொல்கிறேன். படம் பானாவிஷன் அகலத்திரையில், அதாவது உயரம் ஒன்றென்றால் அகலம் 2.35 என்ற கணக்கில் எடுக்கப்பட்டது. பழைய சதுரத் தொலைக்காட்சிக்காகச் செய்த லேசர்டிஸ்கில் கருப்புப் பட்டை போக உண்மையான படத்துக்கு மிஞ்சுவது சுமார் 270 கிடைக்கோடுகள். அமெரிக்க டிவிடியில் சுமார் 360. ப்ளூ-ரேயில் 815-க்கு மேல். அகலத்திலும் இதே போன்ற பெருக்கம். அலெக்சாண்டர் ட்ரானர் பைன்வுட் ஸ்டுடியோ வளாகத்தில் கட்டிய பேக்கர் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். தெரு நீளமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தூரத்து வீடுகளைச் சிறிதாக்கிக் கண்ணை ஏமாற்றும் அரங்கு அது. டிவிடியில் அது ஒரு தெரு, அவ்வளவுதான். ப்ளூ-ரேயில் செங்கல் தெரிகிறது, சன்னல் சட்டம் தெரிகிறது. ஏமாற்று எங்கே தொடங்குகிறது என்று பலமுறை நிறுத்திப் பார்த்தேன், பிடிபடவில்லை.

மேலும் கீழும் கருப்புப் பட்டை வருகிறது. திரையை நிரப்பிப் பார்க்கலாமா?

வேண்டாம். பழைய தொலைக்காட்சி ஒளிபரப்புகளில் திரையை நிரப்புவதற்காக இரு ஓரங்களையும் நறுக்கினார்கள். அதில் படத்தின் அகலத்தில் 43 சதவீதம் போய்விடும். வைல்டர் ஹோம்ஸை ஒரு கோடியிலும் வாட்சனை மறு கோடியிலும் நிறுத்தி நடுவில் வெறும் அறையை வைப்பவர். நறுக்கினால் யாரோ ஒருவர் சுவரோடு பேசிக்கொண்டிருப்பார்.

மீட்டெடுத்த பிரதி என்கிறார்கள். படம் மங்கலாக, புள்ளி புள்ளியாக இருக்கிறதே?

மூன்று விஷயங்களைக் குழப்பிக்கொள்கிறோம். முதலாவது, ஒளிப்பதிவாளர் கிறிஸ்டோஃபர் சாலிஸ் இதை மென்மையான ஒளியில் எடுத்திருக்கிறார். விளக்குத் திரியின் வெளிச்சம், புகை, பனிமூட்டம், மங்கிய பழுப்பு. இன்றைய விளம்பரப்படத்தின் கூர்மையை இதில் தேடுவது இட்லியில் மொறுமொறுப்பைத் தேடுவது போல.

இரண்டாவது, அந்தப் புள்ளிகள். ஃபிலிமில் படம் என்பதே நுண்ணிய துகள்களால் ஆனது. துகளைக் கணினியில் வழித்துத் துடைத்தால் கூடவே தோலின் துளையும் துணியின் நெசவும் போய், முகங்கள் மெழுகுப் பொம்மைகள் ஆகிவிடும். சில பழைய படங்களின் ‘மீட்டெடுப்பு’ வட்டுகளில் இந்த அநியாயம் நடந்திருக்கிறது. இதில் நடக்கவில்லை, துகள் இருக்கிறது என்றால் படம் இருக்கிறது.

மூன்றாவது, சில இடங்களில் மட்டும் மங்கல் திடீரென்று கூடும். பெயர் ஓடும் காட்சிகள், ஒரு காட்சி இன்னொன்றில் கரைந்து மறையும் இடங்கள் ஆகியவற்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் இவற்றுக்காக நெகட்டிவை ஆப்டிகல் பிரிண்டர் என்ற கருவியில் போட்டு மறுபடி படம் எடுப்பார்கள். நகலின் நகல் என்பதால் கூர்மை ஒரு படி இறங்கும். தொடக்கத்தில் தகரப் பெட்டியின்மேல் பெயர்கள் ஓடி முடிந்து கதைக்குள் நுழையும்போது கண்ணாடியைத் துடைத்தது போல இருப்பது இதனால்தான். வட்டு தயாரித்தவர்மேல் பழி போடாதீர்கள்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1970-ஐ ஒட்டிய காலத்து வண்ணப் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுத்துவிடும். மிஞ்சுவது ரோஸ் நிறம். பழைய பிரிண்டில் பார்த்தவர்கள் படமே ரோஸ் நிறம் என்று நினைத்திருப்பார்கள். மீட்டெடுப்பில் அதைச் சரிக்கட்டலாம். ஆனால் ‘இப்படித்தான் இருந்தது’ என்று கையெழுத்துப் போட ஆள் இல்லை. வைல்டர் 2002-இல் போய்விட்டார், சாலிஸ் 2012-இல். முதல் ப்ளூ-ரே 2014-இல்.

என்னிடம் உள்ள ஐரோப்பிய டிவிடியில் 120 நிமிடம்தான் ஓடுகிறது. இன்னும் ஐந்து நிமிடத்தையும் வெட்டிவிட்டார்களா?

இல்லை. ஃபிலிம் நொடிக்கு 24 சட்டங்கள். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் 25. அங்கே படத்தைச் சற்று வேகமாக ஓட்டியே டிவிடி செய்தார்கள். 125-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துப் பாருங்கள். ப்ளூ-ரேயில் இந்தத் தொல்லை இல்லை.

ஒலி ஒரே பக்கத்திலிருந்து வருவது போல இருக்கிறது. என் ஸ்பீக்கர் பழுதா?

படம் மோனோவில், அதாவது ஒரே ஒலித்தடத்தில் வெளிவந்தது, வட்டும் மோனோ. நடுவிலிருந்துதான் வரும்.

இசைக்காக வருந்துபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இசையமைப்பாளர் மிக்லோஸ் ரோஜா, தாம் முன்பே எழுதிய வயலின் கான்செர்ட்டோவை (தனி வயலினும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) விரித்துத்தான் இந்தப் படத்துக்கு இசை செய்தார். 1956-இல் டல்லஸில் வயலின் மேதை யாஷா ஹைஃபெட்ஸ் முதன்முதலில் மேடையில் வாசித்த அதே கான்செர்ட்டோ. வைல்டருக்கு அது மிகவும் பிடித்த இசை. ஹோம்ஸும் வயலின்காரர், வேறென்ன வேண்டும்? படத்துக்காக எழுதிய இசை முழுவதையும் பிராகில் மறுபடி வாசித்துப் பதிவுசெய்து 2007-இல் டாட்லோ நிறுவனம் வெளியிட்டது. வெட்டப்பட்ட காட்சிகளுக்கான இசையையும் ஸ்டீரியோவில் கேட்க அதுதான் வழி. பாலே காட்சியில் இசைக்குழுவை நடத்துபவரை உற்றுப் பாருங்கள், அவர் ரோஜாவேதான்.

நெஸ் ஏரியில் கிடைத்த பூதம் இந்தப் படத்தினுடையதா?

ஆமாம். படத்துக்காக வாலி வீவர்ஸ் ஒன்பது மீட்டர் நீளத்தில் ஒரு பூதத்தைச் செய்தார். அதன் முதுகுத் திமில்கள் வைல்டருக்குப் பிடிக்கவில்லை, எடுக்கச் சொன்னார். மிதப்பதற்கு உதவியதே திமில்கள்தான். 1969-இல் இழுத்துச் செல்லும்போது பூதம் ஏரியில் மூழ்கியது. பிறகு வேறொன்று செய்து ஸ்டுடியோ நீர்த்தொட்டியில் படமெடுத்தார்கள். 2016-இல் கோங்ஸ்பெர்க் நிறுவனத்தின் நீரடி ரோபோ ஏரியின் தரையை ஆராய்ந்தபோது சுமார் 180 மீட்டர் ஆழத்தில் நீண்ட கழுத்தோடு ஓர் உருவம் தென்பட்டது. உலகச் செய்தியானது. ஆக, மூழ்கிய பொம்மை கிடைத்துவிட்டது. டப்பாவில் போட்டு மூடிய 75 நிமிடத்தில் பெரும்பகுதி கிடைக்கவில்லை.

அது இனிமேல் கிடைக்க வாய்ப்பு உண்டா?

நம்பிக்கைக்கு ஓர் எடுத்துக்காட்டு இதே ஹோம்ஸ் குடும்பத்தில் உண்டு. மேடையில் 1899 முதல் ஹோம்ஸாக நடித்துப் புகழ்பெற்ற வில்லியம் ஜில்லெட், 1916-இல் சிகாகோவின் எஸ்ஸனே நிறுவனத்துக்காக ஒரே ஒரு மவுனப் படத்தில் அதே வேடம் போட்டார். அந்தப் படம் அழிந்துவிட்டது என்றே பல பத்தாண்டுகள் கருதப்பட்டது. 2014-இல் பாரிஸின் சினிமாத்தெக் ஃபிரான்சேஸ் காப்பகத்தில் நைட்ரேட் என்ற பழைய வகை ஃபிலிமில் அதன் நெகட்டிவ் அகப்பட்டது. பிரான்சில் நான்கு பகுதித் தொடராக ஓட்டிய வடிவம். எழுத்துப் பலகைகள் பிரெஞ்சில். சான் ஃபிரான்சிஸ்கோ மவுனப்பட விழா அமைப்புடன் சேர்ந்து மீட்டெடுத்து 2015-இல் திரையிட்டார்கள். அதே ஆண்டு வட்டும் வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது திரைக்கு வந்த படம். பிரிண்டுகள் ஊர் ஊராகப் போயிருந்தன, ஏதோ ஓர் ஊரில் ஒன்று தங்கியது. வைல்டரின் 75 நிமிடமோ எந்த ஊர் தியேட்டருக்கும் போகவில்லை. தேட வேண்டிய அலமாரிகளே குறைவு. நான் பந்தயம் கட்டமாட்டேன்.

ராத்போன் நடித்த பழைய கருப்பு வெள்ளை ஹோம்ஸ் படங்களும் இப்படி மீட்டெடுக்கப்பட்டவையா?

பேசில் ராத்போனும் நைஜல் புரூஸும் 1939 முதல் 1946 வரை 14 படங்களில் நடித்தார்கள். யுனிவர்சல் எடுத்த 12 படங்களை லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யுசிஎல்ஏ) திரைப்படக் காப்பகம் மீட்டெடுத்தது. செலவில் ஒரு பங்கைக் கொடுத்தவர் ‘பிளேபாய்’ பத்திரிகையின் ஹ்யூ ஹெஃப்னர். விக்டோரியா காலம் வேண்டுமென்றால் ஃபாக்ஸ் எடுத்த முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யுனிவர்சல் படங்களில் ஹோம்ஸ் காரில் போகிறார், நாஜிகளைப் பிடிக்கிறார். காப்புரிமை காலாவதியான நான்கு படங்கள் கண்ட கண்ட நிறுவனங்களின் மலிவு வட்டுகளில் கிடைக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு ‘பழைய படம் என்றால் இப்படித்தான்’ என்று முடிவுகட்டியவர்கள் யுசிஎல்ஏ பிரதியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எந்த வட்டை வாங்குவது? எங்கள் வீட்டுக் கருவியில் ஓடுமா?

வாங்குவதற்குமுன் வட்டாரக் குறியைப் பாருங்கள்; ஒரு வட்டாரத்துக்கான வட்டு அந்த வட்டாரத்துக் கருவியில்தான் ஓடும். கினோ லோர்பர் வட்டு ‘ஏ’ வட்டாரத்துக்கானது. யுரேகா வட்டு ‘பி’. இந்தியாவும் இலங்கையும் ‘சி’ வட்டாரம். ஆக, சென்னையில் வாங்கிய சாதாரண ப்ளூ-ரே கருவி இரண்டையுமே திருப்பித் துப்பிவிடும். வட்டாரத் தடை நீக்கிய கருவி இருந்தால்தான் நமக்கு விமோசனம். நான் ஓடாத வட்டை ஆறு மாதம் அலமாரியில் அழகு பார்த்தவன். சிங்கப்பூர், மலேசியா, கனடாவில் இருப்பவர்களுக்குக் கினோ வட்டு அப்படியே ஓடும். பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களுக்கு யுரேகா. வெட்டப்பட்ட காட்சிகளும், கிறிஸ்டோஃபர் லீயும் எர்னஸ்ட் வால்ட்டரும் பேசும் பகுதிகளும் கினோ வட்டிலும் உண்டு. யுரேகாவில் கூடுதலாகத் திரைப்பட அறிஞர் நீல் சின்யார்டின் பேட்டி இருக்கிறது. கத்தரி போட்ட வால்ட்டரே வந்து பேசும் பகுதியைத் தவறவிடாதீர்கள்.

தமிழ் வசன வரிகள் எதிலும் கிடையாது.

வெட்டிய காட்சிகளைப் படத்துக்கு முன்பே பார்த்துவிடலாமா?

கூடாது. முதல் நாள் படத்தை மட்டும் பாருங்கள், 125 நிமிடம், இடைவேளை வேண்டுமென்றால் நீங்களே விட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கழித்துத் தேனிலவுத் தம்பதியைப் பாருங்கள், சிரிக்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு பக்கங்களை அவசரப்படாமல் படியுங்கள். தலைகீழ் அறையைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். திரையில் பார்க்க எப்படியும் அதிகம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டால் மேசை நாற்காலிகளை நீங்களே கூரையில் மாட்டிக்கொள்ளலாம்.